உப்பளம் வரையப் போகும் முன்

ஏர்வாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாலிநோக்கம் உப்பளத்துக்கு வரையக் கூட்டிப்போகும் முன், அமெரிக்கத் தொழிற்சாலைக் காலத்துப் படங்கள் சிலவற்றைக் காட்டிவிடுவேன். எந்திரம் வந்தபோது நிலமும், ஓவியமும், வேலை செய்தவர் உயிரும் என்ன ஆயின என்பது அவற்றில் தெரியும். நீங்களும் செய்யலாம், கைப்பேசியில் தேடினாலே கிடைக்கும்.

முதலில் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜார்ஜ் இன்னஸ் 1855 வாக்கில் வரைந்த 'லாக்கவானா பள்ளத்தாக்கு' இதற்கு ஏற்றது. ஒரு ரயில் கம்பெனியே காசு கொடுத்து வரையச் சொன்ன படம். பிள்ளைகளின் கண் நேரே ரயில் புகைக்குத்தான் போகும். படத்தின் முன்பக்கத்துக்குத் திருப்புங்கள். வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஒருவன் புல்லில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சந்தோஷமா, வருத்தமா? ஓவியர் சொல்லவில்லை. நீங்களும் பதில் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் பேசட்டும்.

அடுத்து ஆட்களை எண்ண வேண்டும். எனக்கு முக்கியமான வேலை இதுதான். சார்லஸ் ஷீலர் 1930-இல் வரைந்த 'அமெரிக்க நிலக்காட்சி'யை எடுங்கள். டெட்ராய்ட் பக்கத்து ஃபோர்டு ஆலை அது. புகைபோக்கி, கால்வாய், தண்டவாளம் எல்லாம் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். ஆளைத் தேடச் சொல்லுங்கள், நேரம் பிடிக்கும். தண்டவாளத்தின் மேல் எறும்பளவில் ஓர் உருவம் கிடைக்கும். பல்லாயிரம் பேர் உழைத்த இடம்! உடனே 1880-இல் தாமஸ் ஆன்ஷட்ஸ் வரைந்த இரும்பாலைத் தொழிலாளர் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். மதிய இடைவேளையில் கைகால் கழுவி, சோம்பல் முறித்து நிற்கும் ஆட்கள்தான் அதில் பெரிது, ஆலை பின்னால்தான். யாரைப் பெரிதாக வரைவது என்பது வரைபவர் எடுக்கும் முடிவு. நம் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியும் சிகாகோக்காரர் ஷெர்சரின் வடிவமைப்புதான். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்பித்தான் அதைத் திறந்தார்கள். நாம் எடுக்கும் போட்டோக்களில் அவர்கள் அநேகமாக இருப்பதில்லை.

அப்புறம் லூயிஸ் ஹைன். 1908 முதல் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படம்பிடித்தவர். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார், வயதையும் வேலையையும் எழுதிவைப்பார். உங்கள் பிள்ளைகளும் படத்தோடு குறிப்பு எழுத வேண்டும். ஏன் என்று கேட்டால், சின்ன விவரங்களில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்லி, 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் ஆலை எரிந்ததைச் சொல்லுங்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது, தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அதன்பிறகுதான் நியூயார்க் மாநிலம் ஆலைச் சட்டங்களைத் திருத்தியது. அமெரிக்கா முழுவதற்குமான வேலைப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல்தான் வந்தது. அத்தனை பிணங்களுக்குப் பிறகு வந்த சட்டம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

சரி, உப்பளத்துக்கு வருவோம். காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் வெண்மை கண்ணைக் கூசும். பாத்தியில் இறங்கக் கூடாது, வரப்பிலேயே உட்கார்ந்து வரையலாம். உப்பு வாருகிறவர் தாளில் பாதியாவது இருக்க வேண்டும், குவியல் பின்னால் போகட்டும். காலில் பூட்ஸ் உண்டா, கண்ணுக்குக் கண்ணாடி உண்டா, நிழலும் குடிதண்ணீரும் எவ்வளவு தூரத்தில் என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். உப்புநீர் கால் வெடிப்பில் ஏறினால் எப்படி எரியும் என்பதை அந்த அக்காக்களிடமே கேட்கட்டும். வரைவதற்கு முன் அவர்களின் சம்மதம் வாங்குங்கள். முடிந்ததும் படத்தை அவர்களிடம் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவர்கள் சொன்னால் அங்கேயே திருத்த வேண்டும்.