கிளவுட் சந்தையின் அளவையும் வளர்ச்சியையும் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினித் திறன், சேமிப்பகம், மென்பொருள் ஆகியவற்றை இணையத்தின் வழியே வாடகைக்கு விற்பதே கிளவுட். 2024ஆம் ஆண்டில் உலகக் கிளவுட் சந்தையின் அளவு என்ன என்று தேடுபவருக்கு ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று விடைகள் கிடைக்கும். சந்தை ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் ஒரு கணக்கு 17,180 கோடி டாலர் என்கிறது. மற்றொரு ஆய்வு நிறுவனமான சினர்ஜி ரிசர்ச் குழுமம் சுமார் 33,000 கோடி டாலர் என்கிறது. அதே கார்ட்னரின் வேறொரு கணக்கு 59,570 கோடி டாலர் என்கிறது. மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் திட்ட அறிக்கை தயாரிப்போர், முதலீட்டாளர்களிடம் நிதி கேட்கும் இளம் நிறுவனத்தார், வணிகச் செய்தி எழுதுவோர், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் எனப் பலரும் இவற்றில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து, எல்லை எதுவும் குறிப்பிடாமல் "கிளவுட் சந்தையின் மதிப்பு இவ்வளவு" என்று எழுதிவிடுகிறார்கள். இத்துறையின் வளர்ச்சியைப் பற்றிய பிழைகளில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் எண் சர்வர், சேமிப்பகம், நெட்வொர்க் ஆகியவற்றை வாடகைக்குத் தரும் உள்கட்டமைப்புச் சேவையை மட்டும் அளக்கிறது. இரண்டாவது எண், அதனோடு தரவுத்தளம், மென்பொருள் உருவாக்கத் தளம் போன்ற சேவைகளையும், ஒரே வாடிக்கையாளருக்கென ஒதுக்கி நடத்தித் தரப்படும் தனியார் கிளவுடையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது எண்ணில் சந்தா கட்டி இணையத்தின் வழியே பயன்படுத்தும் மென்பொருள்களும் அடங்கும். அந்த ஒரு பிரிவின் மதிப்பு மட்டுமே சுமார் 25,000 கோடி டாலர். ஆகவே, கிளவுட் ஹோஸ்டிங் (சர்வர்களை வாடகைக்குத் தரும்) தொழில் தொடங்க விரும்பும் ஒருவர் 59,570 கோடி டாலரைத் தம் சந்தை என்று காட்டினால், கணக்கெழுதும் மென்பொருளுக்கும் மின்னஞ்சலுக்கும் நிறுவனங்கள் கட்டும் சந்தாவையும் தம் சந்தையாகக் காட்டுகிறார் என்றே பொருள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன் சொந்தத் தரவு மையங்களிலிருந்து மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் அந்நிறுவனத்தின் வருவாய் மூன்றாவது வகைக் கணக்கில் சேரும்; ஹோஸ்டிங் கணக்கில் சேராது.

எல்லை மாறினால் பங்கும் மாறும். 2024இல் அமேசானின் கிளவுட் பிரிவான அமேசான் வெப் சர்வீசஸின் சந்தைப் பங்கு கார்ட்னரின் உள்கட்டமைப்புக் கணக்கில் 37.7 சதவீதம், சினர்ஜியின் கணக்கில் ஏறக்குறைய 30 சதவீதம். ஓரிடத்திலிருந்து பங்கையும் மற்றோரிடத்திலிருந்து மொத்த அளவையும் எடுத்து இணைப்பதுதான் இங்கே நேரும் பெரிய விபத்து. 59,570 கோடியில் 30 சதவீதம் என்று பெருக்கினால் 17,870 கோடி டாலர் வரும்; அந்த நிறுவனம் அவ்வாண்டில் உண்மையில் ஈட்டிய வருவாயோ சுமார் 10,760 கோடி டாலர். எந்தப் பங்கை மேற்கோள் காட்டும் முன்பும் இப்படி ஒருமுறை பெருக்கி, நிறுவனத்தின் ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதிப் பிழைகள் அச்சேறாமல் நின்றுவிடும்.

உள்கட்டமைப்பு, தளம், மென்பொருள் என்ற அடுக்குகளைக் கூட்டும்போது ஒரே பணம் இரண்டு முறை எண்ணப்படுவதையும் கவனிக்க வேண்டும். ஸ்னோபிளேக் நிறுவனம் தன் தரவுச் சேவையை அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுடில் நடத்துகிறது. வாடிக்கையாளர் அதற்குக் கட்டும் தொகை ஓர் அடுக்கில் பதிவாகிறது. அதில் ஒரு பகுதியை அது அமேசானுக்குக் கட்டும்போது கீழடுக்கில் மறுபடியும் பதிவாகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் இது நேர்மையான வருவாய்தான். எல்லா அடுக்குகளையும் கூட்டி, உலகம் கிளவுடுக்குச் செலவிட்ட தொகை இது என்று சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

சந்தை அளவு என்பது எழுதப்படும் பில்களின் கூட்டுத்தொகை. கணினிப் பயன்பாட்டின் அளவு அன்று. இணையக் கோப்புச் சேமிப்பு நிறுவனமான டிராப்பாக்ஸ் தன் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து தன் சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததாகப் பங்கு வெளியீட்டுக்காக 2018இல் அளித்த ஆவணத்தில் அது குறிப்பிட்டது. கோப்புகள் குறையவில்லை, பயனர்களும் குறையவில்லை. ஆனால் கிளவுட் சந்தையின் கணக்கிலிருந்து அந்தப் பணம் மறைந்துவிட்டது. விலைக் குறைப்பும் இதே வேலையைச் செய்கிறது. சந்தை மந்தமானது என்ற தலைப்பைப் பார்த்தவுடன் பயன்பாடே மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

நிறுவனங்களின் கணக்கை ஒப்பிடும்போது

ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீடுகளைவிட, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளை நான் அதிகம் நம்புவேன். ஆனால் அங்கேயும் பெயர்கள் ஏமாற்றும். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் "மைக்ரோசாப்ட் கிளவுட்" என்ற பெயரில் அந்நிறுவனம் காட்டிய வருவாய் 16,890 கோடி டாலர். இதை அமேசானின் 10,760 கோடியோடு பக்கத்தில் வைத்து, அமேசான் பின்தங்கிவிட்டது என்று எழுதப்படும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. மைக்ரோசாப்டின் அந்தத் தொகைக்குள் நிறுவனங்களுக்கு விற்கப்படும் ஆபீஸ் சந்தாவும், டைனமிக்ஸ் என்ற வணிக மேலாண்மை மென்பொருளும், லிங்க்ட்இன் வருவாயின் ஒரு பகுதியும் அடங்கியிருக்கின்றன. அமேசானின் சேவையோடு ஓரளவேனும் ஒப்பிடத்தக்கது மைக்ரோசாப்டின் அஜூர் என்ற கிளவுட் சேவை. அதன் ஆண்டு வருவாய் 7,500 கோடி டாலரைத் தாண்டியது என்று 2025 ஜூலையில்தான் மைக்ரோசாப்ட் டாலர் கணக்கில் சொன்னது. அதற்கு முன் பல ஆண்டுகளாக வளர்ச்சிச் சதவீதத்தை மட்டுமே வெளியிட்டு வந்ததால், அக்காலத்து "அஜூர் வருவாய்" என்று எங்கேனும் ஒரு டாலர் தொகையைக் கண்டால் அது யாரோ ஒருவரின் மதிப்பீடு என்றே கொள்ள வேண்டும். கூகுள் கிளவுட் என்ற பிரிவிலும், வாடகைச் சர்வர்களோடு மின்னஞ்சலும் ஆவணங்களும் அடங்கிய வொர்க்ஸ்பேஸ் சந்தா கலந்தே இருக்கிறது.

பிரிவுகளின் எல்லைக்கோடுகளும் அவ்வப்போது நகரும். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் தன் பிரிவுகளைத் திருத்தி அமைத்தபோது, முடிந்துபோன ஒரே நிதியாண்டுக்கான "இன்டெலிஜென்ட் கிளவுட்" பிரிவின் வருவாய் 10,540 கோடி டாலரிலிருந்து சுமார் 8,750 கோடியாக மாறியது. ஒரு டாலர்கூட எங்கும் போய்விடவில்லை. வேறு பிரிவின் கீழ் எழுதப்பட்டது, அவ்வளவுதான். பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அறிக்கையின் எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடுகிறவர், நடக்காத ஒரு வீழ்ச்சியை வரைந்துவிடுவார். நிதியாண்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்: அமேசானுக்கு டிசம்பரிலும், மைக்ரோசாப்டுக்கு ஜூனிலும், ஆரக்கிளுக்கு மேயிலும், அலிபாபாவுக்கு மார்ச்சிலும் ஆண்டு முடிகிறது.

வளர்ச்சி வீதம்

கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதம், அதாவது பல ஆண்டு வளர்ச்சியை ஆண்டுக்கு ஒரே சீரான சதவீதமாகச் சொல்வது, எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. அமேசான் வெப் சர்வீசஸின் வருவாய் 2014இல் 464 கோடி டாலராகவும், 2019இல் 3,500 கோடியாகவும், 2022இல் 8,010 கோடியாகவும், 2024இல் 10,760 கோடியாகவும் இருந்தது. 2014ஐ அடிப்படையாகக் கொண்டால் ஆண்டுக்கு 37 சதவீத வளர்ச்சி. 2019ஐக் கொண்டால் 25. 2022ஐக் கொண்டால் 16. ஒரே நிறுவனம், ஒரே முடிவாண்டு, மூன்றும் சரியான கணக்கு. எந்த வீதம் தன் வாதத்துக்கு உதவுமோ அதை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் எழுதுபவருக்கு இருப்பதால், வாசிப்பவர் தொடக்க ஆண்டைக் கேட்டே ஆக வேண்டும். கூட்டு வீதம் நடுவில் நடந்ததையும் மறைத்துவிடும். 2021இல் 37 சதவீதமாக இருந்த அந்நிறுவனத்தின் வளர்ச்சி, வாடிக்கையாளர்கள் செலவைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பிறகு 2023இல் 13 சதவீதமாக இறங்கி, 2024இல் 19 சதவீதமாக மீண்டது.

வீதம் குறைவதையே துறை தேய்வதற்கான அடையாளமாகக் கொள்வது இதற்கு நேர்மாறான தவறு. 2015இல் அந்நிறுவனம் 70 சதவீதம் வளர்ந்தது. கூடுதலாகச் சேர்ந்த தொகை சுமார் 320 கோடி டாலர். 2024இல் 19 சதவீதமே வளர்ந்தது. கூடுதலாகச் சேர்ந்ததோ ஏறக்குறைய 1,680 கோடி டாலர். சதவீதத்தையும் தொகையையும் சேர்த்தே தர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முன்கணிப்புகளை நடந்து முடிந்த கணக்கோடு கலப்பதும் பரவலாகக் காணப்படுகிறது. 2023 நவம்பரில் வெளியான கார்ட்னரின் முன்கணிப்பு, அவ்வாண்டின் பொதுக் கிளவுட் (பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கிளவுட்) செலவை 56,360 கோடி டாலராகவும் 2024க்கு உரியதை 67,880 கோடி டாலராகவும் காட்டியது. ஓராண்டு கழித்து அதே நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் 2024க்கான எண் 59,570 கோடியாக இருந்தது. பழைய அட்டவணையிலிருந்து 2023ஐயும் புதிய அட்டவணையிலிருந்து 2024ஐயும் எடுத்து வகுத்தால் வளர்ச்சி 6 சதவீதத்துக்கும் கீழே வரும். உள்கட்டமைப்புப் பிரிவு மட்டுமே 22.5 சதவீதம் வளர்ந்த ஆண்டு அது. இத்தகைய நிறுவனங்கள் வகைப்பாட்டையும் முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டையும் திருத்துவது இயல்பு என்பதால், வளர்ச்சி வீதத்துக்குரிய இரண்டு எண்களும் ஒரே நாளில் வெளியான ஒரே அட்டவணையிலிருந்து வர வேண்டும். 2032ஆம் ஆண்டின் சந்தையைத் தசமப் புள்ளி வரை சொல்லி, முழு விவரத்தைப் பல ஆயிரம் டாலருக்கு விற்கும் அறிக்கைகளும் இணையத்தில் ஏராளம். அடுத்த ஆண்டின் கணிப்பே 8,000 கோடி டாலருக்கு மேல் இடறும் துறையில் அந்தத் தசமப் புள்ளிக்கு என்ன மரியாதை தருவது என்பதை வாசகர் முடிவுசெய்துகொள்ளலாம்.

வருவாய் அல்லாத எண்கள்

காலாண்டு வருவாயை நான்கால் பெருக்கி ஆண்டு வருவாய் போலச் சொல்வது தொழில்நுட்ப நிறுவனங்களின் வழக்கம். 2024 முதல் காலாண்டில் 2,500 கோடி டாலர் ஈட்டிய அமேசான் வெப் சர்வீசஸ், ஆண்டுக்கு 10,000 கோடி என்ற வேகத்தை எட்டியது. ஆனால் அதற்கு முந்தைய முழு ஆண்டில் அதன் உண்மையான வருவாய் 9,080 கோடிதான். வேகத்தை வருவாய் என்று எழுதிவிடக் கூடாது.

ஒப்பந்த நிலுவை இதைவிட ஆபத்தானது. 2025 செப்டம்பரில் ஆரக்கிள் நிறுவனம் தன்னிடம் 45,500 கோடி டாலர் மதிப்புள்ள, இனிமேல் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தங்கள் இருப்பதாக அறிவித்ததும் அதன் பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டு மேயில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் மொத்த வருவாய் சுமார் 5,740 கோடி டாலர். அந்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு விரிந்தவை. தரவு மையம் கட்டி, மின்சாரம் பெற்று, சிப் வாங்கி, சேவையை வழங்கி, வாடிக்கையாளரும் பணம் கட்டிய பிறகே அவை வருவாயாகும். செயற்கை நுண்ணறிவுக்கான தேவை உண்மையானதுதான். அதற்காகக் கையெழுத்தான தொகையை இந்த ஆண்டின் சந்தை அளவோடு கூட்டுவது கணக்காகாது.

தரவு மையம், சர்வர் போன்றவற்றுக்கான மூலதனச் செலவையும் சிலர் சந்தை வளர்ச்சியாகவே எழுதுகிறார்கள். அது விற்பவரின் செலவு, வாங்குபவரின் செலவு அன்று. மேலும், அமேசானின் மூலதனச் செலவில் பொருள் விநியோகக் கிடங்குகளும் அடங்கும். லாபத்தை வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவோர், சர்வரின் விலையை அதன் பயன்பாட்டுக் காலம் முழுவதும் ஆண்டுச் செலவாகப் பிரித்தெழுதும் தேய்மானக் கணக்கையும் பார்க்க வேண்டும். சர்வர்களின் பயன்பாட்டுக் காலத்தை அமேசான் 2020இல் நான்கு ஆண்டுகளாகவும், 2022இல் ஐந்தாகவும், 2024இல் ஆறாகவும் நீட்டியது. பிறகு 2025இல் ஒரு பகுதிக்கு மட்டும் ஐந்தாகக் குறைத்தது. காலத்தை நீட்டினால் ஆண்டுச் செலவு குறைந்து லாபம் கூடித் தெரியும்.

தமிழில் எழுதுவோர் அலகு மாற்றத்தில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. 59,570 கோடி டாலர் என்பது 2024ஆம் ஆண்டின் மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கோடி ரூபாய். டாலர் என்ற சொல் ஒன்று விடுபட்டால் எண்பது மடங்குக்கும் மேல் பிழை வந்துவிடும்.

இந்தியச் சந்தையைப் பற்றி எழுதும்போது தரவு மையங்களின் மெகாவாட் கணக்கிலான மின் திறனைக் கிளவுட் சந்தையின் அளவாகக் கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. மைக்ரோசாப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் தங்கள் கிளவுட் மண்டலங்களை (தரவு மையத் தொகுப்புகளை) தொடங்கின. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்துள்ள தரவு மையங்களில் இடம் எடுத்திருப்பவை கிளவுட் நிறுவனங்கள் மட்டுமல்ல; தம் சொந்தச் சர்வர்களை அங்கே வைத்து நடத்தும் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் உண்டு. அவை கட்டுவது இட வாடகையும் மின் கட்டணமும். மறுபுறம், சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் வர்ஜீனியாவிலோ உள்ள சர்வரில் தம் செயலியை நடத்தும் கோயம்புத்தூர் நிறுவனம் கட்டும் பில், இந்தியாவில் ஒரு மெகாவாட்டையும் கூட்டாமலே இந்திய வாடிக்கையாளரின் கிளவுட் செலவாகிறது. எனவே இந்தியாவின் கிளவுட் செலவைத் தேடுபவர் கட்டடங்களின் திறனைவிட, இந்திய வாடிக்கையாளர்களுக்குப் பில் எழுதும் உள்நாட்டு விற்பனை நிறுவனங்கள் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகளிலிருந்து தொடங்கலாம். அவை மார்ச்சில் முடிபவை என்பதால், தாய் நிறுவனத்தின் டிசம்பர் அல்லது ஜூன் கணக்கோடு வைக்கும்போது காலாண்டுகளைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.