அரைநிழலுக்குச் சிவப்பு, ஊதா இலைச் செடிகள்

மர நிழலோ பக்கத்து மாடியின் நிழலோ விழும் இடத்தில் வைத்த சிவப்பு இலைச் செடி, போகப்போகப் பச்சையாகிவிடும். இலையைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் நிறமி பெரும்பாலும் வெயில் பட்டால்தான் நன்றாகச் சேரும். அகாலிபா, குரோட்டன்ஸ் இரண்டும் இந்த ரகம். காலை வெயில் 3, 4 மணி நேரமாவது வேண்டும். அதுகூடக் கிடைக்காத மூலையா? சிவப்புக் கார்டிலைன் ஓரளவு சமாளிக்கும்.

ஊதாதான் வேண்டுமென்றால் என் ஓட்டு பெர்ஷியன் ஷீல்டுக்கு. அரைநிழலில்தான் அதன் வெள்ளிப் பளபளப்பு எடுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் வெளுத்துவிடும். தண்ணீர் குறைந்தால் உடனே துவண்டுவிடும், சரியான செல்லம்! அப்புறம், நுனியை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், புதராக அடரும். வெட்டிய தண்டை ஈர மண்ணில் ஊன்றினால் இன்னொரு செடி. குரோட்டன்ஸை வெட்டும்போது மட்டும் கையுறை போடுங்கள், சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும்.