ஹில்பிரே தீவில் வசந்தகாலப் பறவை நோக்கல்

இங்கிலாந்தின் டீ ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஹில்பிரே தீவுக்கு, வெஸ்ட் கிர்பி கரையிலிருந்து நீர் வற்றிய மணலில் சுமார் 3 கிலோமீட்டர் நடந்தே செல்ல வேண்டியிருப்பதால், முதலில் அன்றைய ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பாருங்கள். பகல் முழுதும் தங்க விரும்புவோர், ஓதம் உச்சத்தை எட்டுவதற்குக் குறைந்தது 3 மணி நேரம் முன்பே தீவை அடைந்து, உச்சம் கடந்து 3 மணி நேரம் ஆன பிறகே திரும்ப வேண்டும். நேராக நடக்காமல், லிட்டில் ஐ என்ற பாறைத்திட்டுக்கு முதலில் சென்று, அங்கிருந்து வலப்புறம் திரும்புங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏப்ரல் மாத அதிகாலையே மிகச் சிறந்த நேரம் என்பேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கும் வீட்டியர் (Wheatear) என்ற சிறு பறவை, புல்தரையில் நாலடி ஓடி நிமிர்ந்து நிற்கும். பறந்தெழும்போது அதன் வெள்ளைப் பின்புறம் பளிச்சிடும். களைத்து வந்த அந்தச் சிற்றுயிரைப் படத்துக்காக விரட்டாமல் அசையாது உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் அதுவே அருகில் வரும். நீர் ஏற ஏறப் பாறை விளிம்பில் ஒதுங்கும் கல்திருப்பி உள்ளான் என்ற கரைப்பறவைகளை மேட்டிலிருந்தே பாருங்கள்.