மறுபிறவிக் கூற்றொன்றை ஆராய்வது எப்படி?

"செத்த பின் என்ன?" என்னும் கேள்வியை மொத்தமாக எடுத்துக்கொண்டு அறிவியலிடம் தீர்ப்புக் கேட்பவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "உடல் அழிந்தபின் ஏதோ ஒன்று எங்கோ இருக்கிறது" என்பதைப் பொய்யென்று காட்ட எந்தச் சோதனையாலும் இயலாது. ஆகவே அதை அப்படியே சோதனைக்கு எடுத்துக்கொள்வதில் பயனில்லை. "இன்ன வீட்டில் இறந்தவர் இன்னதைச் சொல்கிறார்" என்பதோ சரிபார்க்கத்தக்கது.

தர்க்கத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். உயிர் என்றுமுள்ளது என்கிறது சைவ சித்தாந்தம். நிலையான ஆன்மா இல்லை என்று சொல்லிக்கொண்டே மறுபிறப்பை ஏற்கிறது பௌத்தம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துக் கோவிலிலும் பக்கத்துக் கிராமத்து விகாரையிலும் கேட்கும் இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாக இருக்க முடியாது என்று தர்க்கம் சொல்லும். எது மெய் என்று சொல்லாது. இரண்டும் பிழையாகவும் இருக்கலாம்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி, இறந்த தாய் பேசுவதாகச் சொன்னால், அவரைப் பார்ப்பதோடு குறி கேட்பவரையும் கவனியுங்கள். "தண்ணிப் பக்கம் ஒரு மனக்குறை இருக்கு தாயி" என்பார். "ஆமா சாமி, பீலிக்கரையிலதான் அம்மா வழுக்கி விழுந்துச்சு" என்று மகள் அழுதுகொண்டே சொல்வாள். பீலியை, அதாவது லயத்தார் தண்ணீர் பிடிக்கும் இடத்தை, சொன்னவள் மகள். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்திலோ கோடாங்கியே சொன்னதாகப் பேச்சு நடக்கும். (பீலி இல்லாத லயம் ஏது?) எனவே இறந்தவருக்கு மட்டும் தெரிந்த, பின்னர் தேடிப் பார்க்கக்கூடிய ஒன்றையே கேளுங்கள்: அடகுச்சீட்டை அம்மா எங்கே வைத்தார்? அறையில் இருப்பவர் எவருக்கும் விடை தெரிந்திருக்கக் கூடாது. துக்க வீட்டில், கருமாதி முடியுமுன் இதைச் செய்ய வேண்டாம்.

மருத்துவமனைகளிலும் இதே முறைதான் கையாளப்பட்டது. மருத்துவர் சாம் பார்னியா குழுவினர், மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் படங்களை உயரத் தட்டுகளில் வைத்து, உடலைவிட்டு மேலெழுந்து பார்த்ததாகச் சொல்பவர்கள் அவற்றைக் கண்டார்களா என்று ஆராய்ந்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், இதயம் நின்ற 2060 சம்பவங்களுக்குப் பின் பேட்டி காண முடிந்தவர்கள் சுமார் 140 பேரே. படத்தைச் சரியாகச் சொன்னவர் ஒருவருமில்லை. எனினும் பெரும்பாலான சம்பவங்கள் தட்டு இல்லாத இடங்களில் நிகழ்ந்தன என்பதால், இதை மறுப்பு என்று கொண்டாடுவதும் அவசரமே.

முற்பிறவியைச் சொல்லும் குழந்தைகள்தான் கடினமான பகுதி. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் ஆராய்ந்த இலங்கைச் சம்பவங்களுள் ஒன்றில், 1956இல் பிறந்த ஒரு சிறுமி, 1954இல் இறந்த தலவாக்கலைச் சிறுவன் தானே என்றாள். இத்தகைய சம்பவங்களில் பெரும்பாலும் இரு குடும்பங்களும் சந்தித்த பிறகே ஆய்வாளர் வந்து சேர்வார். அதற்குள் யார் எதை முதலில் சொன்னார் என்பது குழம்பிவிடும். அதனாலேயே, சரிபார்ப்புக்கு முன் எழுதிவைக்கப்பட்ட மூன்று இலங்கைச் சம்பவங்களை, ஸ்டீவன்சனும் கண்டிக்கு அருகிலுள்ள நில்லம்பையில் தியானம் கற்பித்த காட்வின் சமரரத்னவும் 1988இல் வெளியிட்டது என் பார்வையில் அதிக மதிப்புடையது. எழுதிவைத்தது பொருந்தினாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: அதே விவரங்கள் வேறு எத்தனை குடும்பங்களுக்குப் பொருந்தும்?

உங்கள் தோட்டத்துப் பிள்ளையொன்று இப்படிப் பேசினால், தூண்டிக் கேட்காமல், அது சொன்ன சொல்லிலேயே தேதியிட்டு எழுதி, கேட்டவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை இறந்தவர் வீட்டுக்குச் செய்தி போகக் கூடாது. பின்னர் பொருந்தாமற்போனவற்றை அடித்துவிடாமல் அதே தாளில் விட்டுவையுங்கள்.