பழைய டபுள் பேஸ் எந்த ஊர்ச் சரக்கு? சீட்டைக் கடைசியாகப் பாருங்கள்

பெரம்பூர், ராயபுரம் பக்கம் பழைய ஆங்கிலோ இந்தியன் வீடுகளைக் காலி செய்யும்போது எப்போதாவது ஒரு டபுள் பேஸ், அதாவது நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர வயலின் மாதிரியான தந்தி வாத்தியம், வெளியே வரும். விற்பவர் உடனே டார்ச் அடித்து உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டுவார், 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று இருக்கும். அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயருக்குரிய இத்தாலிய வயலின் தயாரிப்பாளர் ஸ்ட்ராடிவாரி 1737-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெயரை ஜெர்மன், செக் பட்டறைகள் மாடல் பெயராக அச்சடித்து ஒட்டிக்கொண்டே இருந்தன.

முதலில் மரம். முன்பலகையில் எஃப் வடிவத் துளை இருக்கிறதல்லவா, அதன் வெட்டு விளிம்பில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை அப்படியே கீழே இறங்கினால் முழு மரம், வேஃபர் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், பின்பலகையில் வெளியே தெரிகிற ரேகை உள்ளேயும் அதே இடத்தில் இருக்கிறதா என்று போன் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். பிளைவுட் என்றால் போலி என்று அர்த்தமில்லை. சிகாகோவின் கே கம்பெனி பேஸ்கள் பிளைவுட்தான், இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். நம் கடலோர ஈரத்தில் முழு மரத்தைவிடக் குறைவாகத்தான் வெடிக்கும்.

அப்புறம் தலைப்பக்கம். தந்தியை இறுக்கும் முடுக்கி இருக்கும் இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்த பழைய துளைகள் தெரிந்தால் நிதானமாகப் பாருங்கள், முடுக்கியை மாற்றியிருக்கலாம், அல்லது 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புழங்கிய மூன்று தந்தி பேஸை நான்காக்கியிருக்கலாம். ஓரத்துக் கறுப்புக் கோடு பதித்ததா, மையால் வரைந்ததா என்பது தேய்ந்த மூலையில் தெரிந்துவிடும்.

சரி, இப்போது சீட்டுக்கு வரலாம். அதில் நாட்டின் பெயர்தான் உபயோகம். வியாசர்பாடியில் நான் பார்த்த ஒன்றில் மேலே ஸ்ட்ராடிவாரி, கீழே பொடி எழுத்தில் 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா'. அந்த நாடு பிறந்ததே 1918-ல், 1992-உடன் முடிந்தது. வெறும் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. அந்த வருடம்தான் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஓரம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், பசை விட்ட இடம் கடகடக்கும். வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) போட்டு ஒட்டியதென்றால் பயமில்லை, பிரித்து மறுபடி ஒட்டலாம். தச்சுக்கடை வெள்ளைப் பசை என்றால் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து வரும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கிய ஆசையில் ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள், பழைய வார்னிஷ் துணியோடு வந்துவிடும்.