அமெரிக்கன் ஃபுட்பால்ல ரீப்ளே ஓடுறப்ப எதப் பாக்கணும், ரூல் மாத்தப் போறாங்கன்னா அத எப்புடிப் படிக்கணும்

நம்ம ஊர்ல யாரு கூட ஒக்காந்து என்.எஃப்.எல்., அதான் அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக், மேட்ச் பாத்தாலும் ஒரு எடத்துல இந்தக் கேள்வி வந்துரும், "ரீப்ளேல இவ்ளோ தெளிவா தெரியுதே, அப்பறம் ஏன் தீர்ப்ப மாத்த மாட்டேங்குறான்?" மன்னார்குடியில எங்க பெரியப்பா மகன், அண்ணன், அவரு மூணு வாரமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. டல்லாஸ்ல இருக்குற அத்தை பையன் ஃபோன்ல சொன்னதையும் நான் நாலஞ்சு வருசமா பாத்துப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டதையும் சேத்து, புதுசா பாக்க ஆரம்பிக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன்.

மொதல்ல நேரம். ஞாயித்துக்கெழம ராத்திரி அவங்க ஆடுற பெரிய மேட்ச் அங்க நியூயார்க் நேரப்படி 8:20க்கு, நமக்கு திங்கக்கெழம காலையில 5:50. நவம்பர் மொத வாரத்துல அவங்க கடிகாரத்த மாத்துனதும் 6:50 ஆயிடும். சீசன் செப்டம்பர்ல ஆரம்பிக்குது, நம்ம பக்கம் சம்பாவுக்கு நாத்து விட்டுட்டு நிக்கிற நேரம், பிப்ரவரில சூப்பர் பவுல்னு சொல்ற ஃபைனல் வர்றப்ப அறுவடை மெஷினு வயல்ல எறங்கியிருக்கும். காபி போட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்தா ஒம்பது மணி வாக்குல முடிஞ்சுரும், நவம்பருக்கு அப்பறம் பத்து மணி ஆயிடும், அதுக்கப்பறம் வேலைக்கும் போயிரலாம்.

அடிப்படை ரூல் எல்லாம் இங்க விரிவா சொல்லப் போறதில்ல. பதினோரு பேருக்குப் பதினோரு பேரு, நாலு சான்ஸுல பத்து யார்டு தாண்டணும், தாண்டுனா திரும்பவும் நாலு சான்ஸ், அவ்ளோதான் இப்பத்திக்கு. ஒரு சான்ஸுக்கு டவுன்னு பேரு, அந்த ஒரு தடவ ஆடுறதத்தான் கீழ ஆட்டம்னு சொல்றேன், முழு மேட்ச்ச இல்ல. கொடி ரெண்டு வகை, அத மட்டும் கொழப்பிக்காதீங்க. மஞ்சக் கொடி ரெஃப்ரி போடுறது, ஃபவுல்னு அர்த்தம். செவப்புக் கொடி கோச் போடுறது, "நீ சொன்னது தப்பு, வீடியோ பாரு"ன்னு அர்த்தம்.

இப்ப விசயத்துக்கு வரேன். ரிவ்யூன்னு அறிவிச்ச உடனே நம்ம கண்ணு நேரா ரீப்ளேக்குத்தான் ஓடும், அங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். ரீப்ளே பாக்குறதுக்கு முன்னாடி தரையில நின்ன ரெஃப்ரி என்ன சொன்னாரு, கேட்ச்சுன்னாரா இல்லன்னாரா, அத மனசுல எழுதி வச்சுக்கங்க. ஏன்னா வீடியோ பாக்குறவன் தனக்குத்தானே கேக்குற கேள்வி "உண்மையில என்ன நடந்துச்சு" இல்ல, "தரையில சொன்னது தப்புன்னு சந்தேகமில்லாம தெளிவா தெரியுதா". ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா ஒரே படத்த வச்சே ரெண்டு வேற வேற தீர்ப்பு வரும். பந்து தரையில பட்டுச்சா படலயான்னு பாதி தெரியுது பாதி தெரியல, இந்த மாதிரி இருந்தா, தரையில கேட்ச்சுன்னு சொல்லியிருந்தா கேட்ச், இல்லன்னு சொல்லியிருந்தா இல்ல. கிரிக்கெட்ல அம்பயர்ஸ் கால் பாத்துப் பழகுனவங்களுக்கு இது சட்டுனு புடிபடும், ஒரு வித்தியாசம், எல்பிடபிள்யூல அம்பயர்ஸ் கால் வந்தா ரிவ்யூ கையில திரும்பி வந்துரும், இங்க கோச் போட்ட ரிவ்யூல தீர்ப்பு மாறலன்னா ஒரு டைம் அவுட் போயிரும். பாதிக்கு மூணே மூணு டைம் அவுட்தான், அதுல ஒண்ணுன்னா சும்மா இல்ல.

ரெஃப்ரி மைக்க ஆன் பண்ணி சொல்ற வார்த்தையையும் காத குடுத்துக் கேளுங்க. "கன்ஃபர்ம்ட்"னா வீடியோவுலயும் அதேதான் தெரிஞ்சுது. "ஸ்டாண்ட்ஸ்"னா சரியா தப்பான்னு வீடியோவால உறுதியா சொல்ல முடியல, அதனால மொதல்ல சொன்னதே நிக்குது. "ரிவர்ஸ்ட்"னா மாத்தியாச்சு. எங்க அண்ணன் கோவப்படுற முக்காவாசி எடம் இந்த ஸ்டாண்ட்ஸ்தான். அத "ரெஃப்ரி சொன்னது சரி"ன்னு எடுத்துக்கக் கூடாது, "தப்புன்னு நிரூபிக்க முடியல"ன்னு எடுத்துக்கணும்.

அடுத்தது, ரிவ்யூவ யாரு கேட்டது. கோச்சுக்கு மேட்ச்சுக்கு ரெண்டு தடவ, அதுல ஒண்ணு ஜெயிச்சாலே மூணாவது கெடைக்கும், இது 2024ல மாத்துனது, அதுக்கு முன்னாடி ரெண்டையும் ஜெயிக்கணும். டைம் அவுட் கையில இல்லன்னா கொடி போட முடியாது. பாதி முடியிற கடைசி ரெண்டு நிமிசமும் ஓவர்டைமும் வந்துட்டா கோச்சுக்கு உரிமை கெடையாது, மேல ரூம்ல இருக்குற ரீப்ளே ஆளுதான் கூப்புடணும். டச்டவுனு, அதான் பந்த எதிராளியோட கோல் லைனுக்குக் கொண்டு போறது, அது மாதிரி பாயிண்ட் வர்ற ஆட்டம் 2011லேருந்தும், பந்து கை மாறுற ஆட்டம் 2012லேருந்தும் தானாவே ரிவ்யூக்குப் போயிரும். முடிவு எடுக்குறது மைதானத்துல இல்ல, 2017லேருந்து நியூயார்க்ல இருக்குற ஆபீஸ்லதான் கடைசி முடிவு, தரையில இருக்குற ரெஃப்ரி டேப்லட்ல பாத்துக்கிட்டே அவங்க கூடப் பேசுவாரு. இன்னொண்ணு கவனிங்க, சந்தேகமான கேட்ச் ஒண்ணு புடிச்ச டீம் அவசர அவசரமா அடுத்த ஆட்டத்துக்கு ஓடி வந்து நிக்கும், ஏன்னா அடுத்த பந்து போட்டாச்சுன்னா முந்துனதுக்கு ரிவ்யூ கேக்க முடியாது. அவங்க ஓடுற வேகத்துலயே தெரிஞ்சுரும், அவங்களுக்கே நம்பிக்கை இல்லன்னு.

இப்ப ரீப்ளேய எப்புடிப் பாக்குறதுன்னு சொல்றேன், எனக்கு இது நல்லா மண்டையில ஏறுனது எங்க ஊர் கபடியிலதான். போன பொங்கலுக்கு நடந்த ஃபைனல்ல நான் லைன்ல நின்னேன். பாடிப் போனவன் திரும்பி வந்து விழுறான், ரெண்டு பேரு கால புடிச்சுட்டாங்க, கைய நீட்டுறான், நடுக்கோட்டுக்கு நாலு விரக்கடை முன்னாடியே நின்னுருச்சு, அவுட்டுன்னு குடுத்தேன். கார்னர்ல நின்ன ஒரு பையன் ஃபோன்ல எடுத்திருந்தான், அதுல பாத்தா கை கோட்டத் தொட்ட மாதிரியே இருக்கு. இருவது பேரு சுத்தி நின்னு அந்த வீடியோவப் பத்துப் பதினஞ்சு தடவ ஓட்டிப் பாத்து ஒரே சண்டை. ஃபோன் இருந்த எடம் கோட்டுக்கு நேரா இல்ல, சாய்வா இருந்துச்சு, கை தரையிலேருந்து ஒரு சாண் ஒசரத்துல இருந்துச்சு, சாய்வா பாத்தா கைக்கும் கோட்டுக்கும் நடுவுல இருந்த எடம் காணாமப் போயிருச்சு. கயிறு புடிச்சு நாத்து நட்டவங்களுக்கு இது தெரியும், வரிசை நேரா இருக்கான்னு பாக்க வரப்பு மூலையில குந்தி கயித்தோட நேருக்குப் பாப்போம், பக்கவாட்டுல நின்னு பாத்தா எல்லாம் நேராத்தான் தெரியும்.

அதனால கோல் லைன் சம்பந்தமா ரிவ்யூ வந்தா, கோட்டோட நேருக்கு வச்ச கேமராப் படம் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. மூலையில ஆரஞ்சு கலர்ல நிக்கிற கம்பம் இருக்குல்ல, பைலான்னு சொல்வாங்க, பல மேட்ச்ல அதுக்குள்ளயே கேமரா இருக்கும், அந்தப் படம் ஒண்ணு பத்துப் படத்துக்குச் சமம். பாக்க வேண்டியது பந்த மட்டும்தான், ஆளு எங்க கெடக்குறான்ங்குறது கணக்கே இல்ல, கோட்டோட முன் விளிம்ப பந்தோட முனை தொட்டாலே டச்டவுன். ஆனா அதுக்கு முன்னாடி முட்டி தரையில பட்டிருச்சான்னு இன்னொரு கேமராவுல பாக்கணும், ஒண்ணுல முட்டி தெரியும் பந்து தெரியாது, இன்னொண்ணுல பந்து தெரியும் முட்டி தெரியாது, ரெண்டையும் ஒரே கணத்துல நிறுத்திச் சேத்துப் பாத்தாத்தான் வெடை. 1998 டிசம்பர்ல ஜெட்ஸ், சியாட்டில் மேட்ச்ல கடைசி நேரத்துல வின்னி டெஸ்டவெர்டேவோட ஹெல்மெட்டு கோட்டத் தாண்டுனத ரெஃப்ரி பந்துன்னு நெனச்சு டச்டவுன் குடுத்துட்டாரு, ஜெட்ஸ் 32-31ல ஜெயிச்சுது. அப்ப ரீப்ளேயே கெடையாது, 1986ல கொண்டாந்தத 1991 சீசனோட எடுத்துட்டாங்க, இந்த மாதிரி அநியாயமெல்லாம் சேந்துதான் 1999ல திரும்ப வந்துச்சு.

கேட்ச்சுக்கு வேற மாதிரி பாக்கணும். கையில பந்து அடங்குச்சா, ரெண்டு காலும் கோட்டுக்குள்ள பட்டுச்சா, அதுக்கப்பறம் மூணாவது அடி வைக்கிறது, பந்த நீட்டுறது மாதிரி ஒரு செயல் பண்ணானா இல்ல பண்ற அளவுக்கு நேரம் இருந்துச்சா. இப்புடி மூணா வகுத்தது 2018ல. அதுக்கு முன்னாடி விழுந்து தரையில பட்டு முடியிற வரைக்கும் பந்து அசையக்கூடாதுன்னு இருந்துச்சு, 2015 ஜனவரில டல்லாஸ் ஆளு டெஸ் பிரையண்ட் கிரீன் பே மேட்ச்ல எகிறிப் புடிச்சு மூணடி வச்சு கோட்ட நோக்கி கைய நீட்டுனத கேட்ச் இல்லன்னு மாத்துனாங்க, டல்லாஸ் 26-21ல தோத்து வீட்டுக்குப் போச்சு, எங்க அத்தை பையன் இன்னைக்கும் அதப் பேசுனா கொரல் மாறுது. பந்து எப்ப எங்க பட்டுச்சுங்குறதுக்கு ஸ்லோ மோஷன் பாருங்க, கையில அடங்குச்சாங்குறதுக்கு நிஜ வேகத்துல பாருங்க. ஸ்லோவுல பாத்தா நொடிநேரம் தொட்டதெல்லாம் ரொம்ப நேரம் வச்சிருந்த மாதிரி தெரியும்.

எல்லாத்தையும் ரிவ்யூ பண்ண முடியாதுங்குறதையும் தெரிஞ்சுக்கங்க, ஹோல்டிங் (எதிராளியப் புடிச்சு வைக்கிறது), பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் (பந்து வர்றதுக்கு முன்னாடியே புடிக்கப் போறவன மறிக்கிறது) மாதிரி ரெஃப்ரி மனசால எடை போட்டுச் சொல்ற ஃபவுலுக்கு கோச் கொடி போட முடியாது.

சரி, ரூல் மாத்துறது. வருசா வருசம் மார்ச்ல 32 டீம் ஓனருங்களும் கூடுவாங்க, தள்ளிப் போட்டது மே மாசம் வரும். யோசனை ரெண்டு பக்கத்துலேருந்து வரும், லீக்கோட ரூல் பாக்குற காம்பெடிஷன் கமிட்டி, இல்லன்னா ஒரு டீமே நேரா. 24 ஓட்டு வேணும், அப்பதான் பாஸ். லிஸ்ட்ட படிக்கிறப்ப ஒவ்வொண்ணுக்கும் மூணு விசயம் பாருங்க. யாரு கொண்டாந்தா, அதுக்குப் பின்னாடி எந்த மேட்ச்சு இருக்கு, இந்த ரூல் அன்னைக்கு இருந்திருந்தா அந்தத் தீர்ப்பு நெசமாவே மாறியிருக்குமா. இந்த மூணாவதுதான் முக்கியம், செய்தி எழுதுறவங்களே பல பேரு இத விட்டுர்றாங்க.

போட்டுப் பாப்போம். 2002 ஜனவரில ரெய்டர்ஸ், பேட்ரியட்ஸ் மேட்ச்ல டாம் பிரேடி கையிலேருந்து பந்து நழுவி எதிராளி எடுத்துட்டான், ரீப்ளேல பாத்துட்டு அது எறிஞ்சு புடிபடாமப் போன பாஸ் கணக்குன்னு பந்தத் திருப்பிக் குடுத்தாங்க. ரீப்ளே பாத்தவரு ரூல் புக்குல இருந்தபடிதான் செஞ்சாரு, தப்பு புக்குல இருந்துச்சு, டக் ரூல்னு பேரு, 2013லதான் 29-1னு ஓட்டுப் போட்டுத் தூக்குனாங்க. கேமராவ எத்தன கூட்டுனாலும் தீராத வியாதி அது.

நேர் எதிரா 2019. அந்த வருசம் ஜனவரி 20ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ்ல செயின்ட்ஸ் ஆளு பந்துக்காக ஓடுறான், பந்து வர்றதுக்கு முன்னாடியே ராம்ஸ் ஆளு வந்து மோதித் தள்ளிட்டான், ஒலகமே பாத்துச்சு, மஞ்சக் கொடி விழல, ராம்ஸ் ஓவர்டைம்ல 26-23னு ஜெயிச்சு சூப்பர் பவுல் போச்சு. அந்தக் கோவத்துல ரெண்டே மாசத்துல பாஸ் இன்டர்ஃபெரன்ஸையும் ரிவ்யூ பண்ணலாம்னு 31-1ல பாஸ் பண்ணாங்க. ஆனா எவ்ளோ மோதுனா ஃபவுலுன்னு வீடியோ சொல்லாதே, ஒரு வாரம் ஒரு அளவு அடுத்த வாரம் வேற அளவுன்னு ஆயி, ஒரே சீசன்ல கைவிட்டுட்டாங்க. பட்டுச்சா படலயான்னு கேட்டா கேமரா சொல்லும், அதிகமா பட்டுச்சான்னு கேட்டா அதுவும் மனுசன் முடிவுதான்.

2025ல வந்தது இன்னும் கவனமாப் படிக்க வேண்டியது. ஹெல்மெட்டுக் கம்பியப் புடிக்கிற ஃபேஸ்மாஸ்க், கழுத்துப் பட்டையப் புடிச்சு இழுக்குற ஹார்ஸ் காலர், கால் தட்டி விடுறது, இதுக்கெல்லாம் ரீப்ளே ஒதவி உண்டுன்னு செய்தி வந்துச்சு, நான் மொதல்ல சந்தோசப்பட்டேன். உள்ள படிச்சா, மஞ்சக் கொடி விழுந்து அது தப்புன்னு தெரிஞ்சா எடுத்துக்கலாம், விழாத கொடியப் புதுசா போட முடியாது. 2024 அக்டோபர்ல வைகிங்ஸோட சாம் டார்னால்ட ராம்ஸ் ஆளு ஹெல்மெட்டுக் கம்பியப் புடிச்சு கழுத்தத் திருப்பிக் கீழ தள்ளுனான், கொடி இல்ல, மேட்ச்சே அதோட முடிஞ்சுது. இந்த ரூல் அன்னைக்கு இருந்திருந்தாலும் அவனுக்கு ஒண்ணும் கெடைச்சிருக்காது. கழுத்து ஒடியிற விசயம் இது, கம்பியப் புடிச்சானா இல்லயாங்குறது கண்ணுக்குத் தெரியிற விசயம், அதுக்காவது கொடி போட அனுமதிக்கணும்னு நான் மனசார நெனைக்கிறேன்.

எல்லா யோசனையும் வீடியோ பத்தி இல்ல. 2025 மே மாசம் கிரீன் பே டீம் கொண்டாந்த டஷ் புஷ் தடை, அதான் பந்து வச்சிருக்கவன பின்னாடிலேருந்து கூட்டமாத் தள்ளுறது, 22-10, ரெண்டு ஓட்டு கொறஞ்சு பாஸ் ஆகாமப் போச்சு.

அதே 2025ல பத்து யார்டு அளக்க சங்கிலிக்குப் பதிலா ஹாக்-ஐ கேமரா வந்துச்சு, கிரிக்கெட்ல பந்து போற வழியக் காட்டுற அதே கம்பெனி. இனிமே அளவுல சண்டையே வராதுன்னு நெனைக்காதீங்க. நம்ம ஊர்ல நெலம் அளக்க சர்வேயர் வர்றப்ப என்ன நடக்கும், சங்கிலி சரியாத்தான் அளக்கும், எந்தக் கல்லுலேருந்து அளக்குறதுங்குறதுலதான் பங்காளிச் சண்டை. அங்கயும் பந்த எந்த எடத்துல வைக்கணும்னு ரெஃப்ரிதான் கண்ணால பாத்து வைக்கிறாரு, வச்சதுக்கு அப்பறம்தான் கேமரா அளக்குது. நாலாவது டவுன்ல குவியலா விழுந்து கெடக்குறப்ப அளவு காட்டுற கிராஃபிக்ஸ விட்டுட்டு, அதுக்கு முன்னாடி லைன் ஓரத்துலேருந்து ஓடி வர்ற ரெஃப்ரி எந்தக் கால ஊனி நிக்கிறாருன்னு பாருங்க.

எங்க ஊர்ல வர்ற பொங்கலுக்கு நடுக்கோட்டோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு கம்பு நட்டு, முழங்கால் ஒசரத்துல ஒவ்வொரு ஃபோன் கட்டப் போறோம், கோட்டு நேருக்கு. லைன்ல நிக்கிறவரு மொதல்ல தீர்ப்பச் சத்தமா சொல்லணும், அதுக்கப்பறம்தான் ஃபோன அவுக்கணும்னு ரெண்டு டீம்கிட்டயும் பேசி வச்சாச்சு.