கொழும்பிலிருந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்கு: ஒரே நாளில் போய்வருவது எப்படி

263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்ததான் இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி. ஹோர்ட்டன் சமவெளியின் தெற்குச் சரிவில், பெலிஹுல்ஓயாவுக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவே உள்ள கலுபஹன சந்தியிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. கொழும்பிலிருந்து மொத்தம் 170 கிலோமீற்றர் அளவு. காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் கணக்கைத் திரும்பும் நேரத்திலிருந்துதான் போட வேண்டும்.

திரும்பும் நேரம் பிற்பகல் 1 மணி. அதற்கு மேல் அங்கே நின்றால் பின்னேர மழை பிடிக்கும், மலைப்பாதையில் மூடுபனி இறங்கும், அவிசாவளை தாண்டும்போது வேலை விட்டு வரும் கூட்டத்தில் மாட்டுவீர்கள். மூன்று மணி நேரமாவது அங்கே இருக்க வேண்டுமென்றால் 9.30க்குள் போய்ச் சேர வேண்டும். வேனில் நாலரை, ஐந்து மணி நேர ஓட்டம், இடையில் தேத்தண்ணிக்கு அரை மணி. ஆகவே விடியற்காலை 4 மணிக்கு வீட்டு வாசலில் எல்லோரும் நிற்க வேண்டும். கிளம்பவே 6 மணியாகிவிட்டதா? பம்பரகந்தவை விட்டுவிட்டு, குருவிட்டப் பக்கத்தில் உள்ள போபத் எல்லவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 30 மீற்றர்தான், ஆனால் பாதி தூரம்.

எந்த மாதம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி விடுமுறை என்று ஆகஸ்டில் போனால் பாறையில் நூல் தொங்குவதுபோல் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கும். பம்பரகந்த இருக்கும் ஊவா மாகாணப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். ஒக்டோபர், நவம்பரில் தண்ணீர் கொட்டும், மண்சரிவு அபாயமும் அப்போதுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டமும் இதே ஹல்துமுல்லைப் பிரதேசம்தான். எங்கள் தெரிவு டிசம்பர் கடைசி, ஜனவரி. அதிலும் பெருமழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயிலடித்த பிறகு. முதல் நாள் இரவு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். ஹல்துமுல்லைக்கு மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. செம்மஞ்சள், சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம். போயா தினத்தையும் நீண்ட வார இறுதியையும் தவிருங்கள்.

வழி நேரானது: ஹைலெவல் வீதி, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மடுல்ல, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா. பாணந்துறைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஹொரணை, இங்கிரிய வழியாக இரத்தினபுரிக்கு ஏறலாம். பெற்றோல், சோற்றுப் பார்சல் எல்லாம் பலாங்கொடையில். கழிப்பறைத் தேவையைப் பெலிஹுல்ஓயாவில் முடித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போவதென்றால் புறக்கோட்டையில் 99ஆம் இலக்க பதுளை பஸ். விடியுமுன் கிளம்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கொண்டக்டரிடம் “கலுபஹன சந்தி” என்று சொல்லி ஏறுங்கள். சந்தியிலிருந்து ஓட்டோ பிடிக்கும்போது போக, காத்திருக்க, திரும்ப எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடுங்கள். மேலே நின்றுகொண்டு போன் பண்ணிக் கூப்பிடலாம் என்று நினைத்தால், சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

அந்தக் கடைசி 5 கிலோமீற்றரைப் பற்றி வேன் பேசும்போதே ட்ரைவரிடம் சொல்லுங்கள். ஒரு வாகனம் போகும் அகலம், செங்குத்து வளைவுகள், பெரிய பஸ் ஏறாது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹோன் அடிக்க வேண்டும். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது முதலாம், இரண்டாம் கியர். ஓட்டோ கியர் என்றால் ‘எல்’. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிக் கருகல் நாற்றம் வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. நாற்றம் வந்ததும் ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நுழைவுச் சீட்டுக்கும் தரிப்பிடத்துக்கும் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். அங்கிருந்து பைன் மரங்களுக்கிடையே கொஞ்சத் தூரம் நடை. மழைக்காலமென்றால் அட்டை இருக்கும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, மேலே சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், உப்பைத் தூவினால் தானாக விழும். குளவிக்கூடு உள்ள இடம், ஆகவே சென்ட் பூசிக்கொண்டு போவதும் தீ மூட்டிச் சமைப்பதும் கூடாது.

குளிப்பதுதான் ஆபத்து. நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள், தண்ணீரோடு கல்லும் வரும். அடிக்குளத்தில் தலைகீழாகப் பாய வேண்டாம், உள்ளே பாறை எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. கறுத்து மினுங்கும் பாறையில் பாசி இருக்கிறது என்று பொருள்; சாம்பல் நிறத்தில் காய்ந்திருப்பதில் மட்டும் கால் வையுங்கள். பாட்டாச் செருப்போடு போகிறவர்கள்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மேலே சமவெளியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழைக்கோட்டு, மாற்றுடுப்பு, அடையாள அட்டை, குப்பைக்கு ஒரு பை போதும். சாப்பாட்டைத் திறந்து வைத்தால் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

பஸ்காரர்களுக்குத் திரும்பும்போது ஒரு சிக்கல். பதுளை, பண்டாரவளையிலிருந்து வரும் கொழும்பு பஸ்கள் கலுபஹனவுக்கு வரும்போதே நிறைந்திருக்கும். ஐந்து மணி நேரம் நின்றுகொண்டு வருவதைவிட, கிடைத்த பஸ்ஸில் பலாங்கொடைக்கு இறங்கி, அங்கிருந்து புறப்படும் பஸ்ஸில் சீற் பிடிப்பது மேல்.